டிசைன் முத்தா, உருண்டை முத்தா? நம்ம டெல்டா குளத்துக்கு எது சரிப்படும்

முத்து வளர்க்கலாம்னு கிளம்புறவங்க எல்லாரும் லாபம் எவ்ளோன்னுதான் கேக்குறாங்க, எந்த முத்துன்னு கேக்குறதே இல்ல. ரெண்டுக்கும் நன்னீர் மட்டி ஒண்ணுதான், வேலைதான் வேற வேற.

டிசைன் முத்துன்னா ஓட்டுக்கும் சதைமடிப்புக்கும் நடுவுல பிள்ளையார், சிலுவை மாதிரி அச்சை சொருகுறது. உள்ளுறுப்பை வெட்டவே வேண்டாம், மடிப்பை மெதுவா பிரிச்சு ரெண்டு பக்கமும் வச்சிட்டா அதுமேல முத்துப் பூச்சு படிஞ்சிரும். ஆனா கிடைக்கிறது அரை முத்துதான், ஓட்டோட சேத்து அறுத்துதான் எடுக்கணும். உருண்டைக்கு அப்படி இல்லீங்க. கோனாட்டுல, அதாவது மட்டியோட இனப்பெருக்க உறுப்புல, சின்னதா கீறி 2-4 மில்லிமீட்டர் கருவையும் (முத்துக்கு நடுவுல இருக்கப்போற உருண்டை மணி), வேற மட்டியோட மடிப்பிலேர்ந்து வெட்டுன சதைத் துணுக்கையும் ஒட்டினாப்புல வைக்கணும், அந்தத் துணுக்குதான் வளர்ந்து கருவை மூடி பூச்சை விடும், அது நகர்ந்துட்டா முத்தே கிடையாது, கை தப்புனா மட்டியும் போச்சு. புவனேஸ்வர் நன்னீர் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துல ட்ரெயினிங் தர்றாங்க, அந்த மாதிரி இடத்துல கைபழகாம உருண்டையத் தொடாதீங்க.

எதுவா இருந்தாலும் வளர ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் ஆகும். இங்கதான் டெல்டா இடிக்குது. வழக்கப்படி மேட்டூர் ஜூன் 12ல தொறந்து ஜனவரி 28ல மூடுனா, சித்திரை வைகாசில குளம் தரை தட்டும், எந்த முத்துன்னாலும் ஒரு கோடைய தாண்டியே ஆகணும். நைலான் பையில மட்டியப் போட்டு தொங்கவிட ஒரு மீட்டர் ஆழமாவது வேணும், அதனால போர் தண்ணி இல்லாதவங்க இதுல இறங்க வேணாம். கடைமடைல உப்பு ஏறுன குட்டையும் ஆகாது. 1973ல தூத்துக்குடில விளைஞ்சது கடல் சிப்பி முத்து, அதோட இத குழப்பிக்காதீங்க.

வருஷம் முழுக்க தண்ணி நிக்கிற குளம் இருந்தா என் ஓட்டு டிசைனுக்குத்தான், அதுவும் கட்லா ரோகு விட்ட குளத்துல ஓரமா கொஞ்சம் பை கட்டி. மட்டி பாசிய வடிகட்டித் தின்னுக்கும், தனித் தீவனம் வேணாம், முத்து சரியா வரலன்னாலும் மீன் காசு கைக்கு வரும். உருண்டைக்கு சைனா முத்து சல்லிசா வந்து குவியுது, அதோட மோதணும்.

டிசைன்லயும் விக்கிறதுதான் கஷ்டம், பென்டன்ட்டா செஞ்சாத்தான் போகும். மட்டிய எங்ககிட்டயே வாங்குங்க, முத்த நாங்களே எடுத்துக்கறோம்னு யாராச்சும் அட்வான்ஸ் கேட்டா, பணம் கட்டுறதுக்கு முன்னாடி கும்பகோணம் நகைக்கடைல நாலு பேர்கிட்ட சாம்பிள காட்டி, இத வாங்குவீங்களா, என்ன விலைக்குன்னு விசாரிச்சிருங்க.