சாப்டர் 13 முடித்தவர்களுக்கும் வரும் ஏல நோட்டீஸ்: கணக்கில் எங்கே கை வைக்கிறார்கள்?

அமெரிக்காவில் வீட்டைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பலர் சாப்டர் 13 திவால் மனு போடுகிறார்கள். பழைய நிலுவையை மூன்று முதல் ஐந்து வருடத்தில் கட்டி முடித்து, டிஸ்சார்ஜ் ஆர்டரும் (திவால் கடன்களிலிருந்து விடுவிக்கும் கோர்ட் உத்தரவு) வாங்கிய பிறகு, "ஆறு தவணை பாக்கி" என்று மார்ட்கேஜ் சர்வீஸரிடமிருந்து (வீட்டுக் கடன் தவணையை வாங்கி கணக்கு வைக்கும் நிறுவனம்) கடிதம் வரும். கூடவே வக்கீல் கட்டணம், இன்ஸ்பெக்‌ஷன் கட்டணம், லேட் ஃபீ. இந்தக் கூத்துக்குக் கடிவாளம் போடத்தான் 2011 டிசம்பரில் திவால் விதி 3002.1 வந்தது. ஆனாலும் நிற்கவில்லை.

மாதத் தவணை 2,000 டாலர், ஏப்ரலில் மனு போடும்போது ஆறு மாத நிலுவை 12,000 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிலுவை டிரஸ்டி (உங்களிடம் பணம் வாங்கிக் கடன்காரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் அதிகாரி) வழியாகப் போகும். மே முதல் வரும் தவணைகளைப் பல இடங்களில் நீங்களே நேரடியாகக் கட்ட வேண்டும். இரண்டுக்கும் சர்வீஸர் தனித்தனிக் கணக்கு வைக்க வேண்டும். வைக்காவிட்டால், மே மாதம் நீங்கள் கட்டிய 2,000 டாலர் முந்தைய நவம்பர் தவணையில் வரவாகும். மே தவணை "வரவில்லை" என்று லேட் ஃபீ விழும். பாக்கிதாரர் என்று குறியிட்டதும், வீட்டை வெளியிலிருந்து பார்த்துப் போக ஆள் அனுப்பி, அதையும் உங்கள் தலையில் கட்டுவார்கள். தவணையில் சில டாலர் குறைந்தாலும் மொத்தப் பணமும் எந்தத் தவணையிலும் வரவாகாமல் சஸ்பென்ஸ் அக்கவுண்டில் கிடக்கலாம்.

எஸ்க்ரோவில் (சொத்து வரிக்கும் இன்சூரன்ஸுக்கும் தவணையோடு சேர்த்து வாங்கி வைக்கும் பணம்) இன்னொரு தில்லுமுல்லு. மனுவுக்கு முந்தைய எஸ்க்ரோ பற்றாக்குறையை நிலுவைக் கோரிக்கையில் ஒருமுறை சேர்ப்பார்கள். அதே தொகையை மாதத் தவணையில் ஏற்றி இன்னொரு முறையும் வாங்குவார்கள். நிலுவைக் கோரிக்கையோடு இணைக்கும் படிவம் 410ஏ-யில் உள்ள எஸ்க்ரோ எண்ணையும், சர்வீஸர் அனுப்பும் அடுத்த எஸ்க்ரோ அனாலிசிஸையும் (எஸ்க்ரோ கணக்கு அறிக்கை) பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தெரிந்துவிடும்.

விதி 3002.1-ன்படி, நீங்கள் குடியிருக்கும் வீட்டுக் கடனில், மனுவுக்குப் பின் ஏறிய ஒவ்வொரு கட்டணத்தையும் 180 நாளுக்குள் சர்வீஸர் கோர்ட்டில் தெரிவிக்க வேண்டும். தவணை மாறினால் 21 நாள் முன்பே நோட்டீஸ் தர வேண்டும். கட்டண நோட்டீஸை எதிர்க்க உங்களுக்கு ஒரு வருடம் இருக்கிறது. பலர் கோட்டை விடுவது இங்கேதான்: இந்த நோட்டீஸ்கள் வழக்கின் பொது டாக்கெட்டில் (வழக்கு நடவடிக்கைப் பட்டியல்) அல்ல, கடன்காரர்களின் கோரிக்கைகள் பதிவாகும் கிளெய்ம்ஸ் ரிஜிஸ்டரில் ஏறும். வக்கீலிடம் அதைப் பார்க்கச் சொல்லுங்கள். சொல்லாமல் எல்லா வக்கீலும் பார்ப்பதில்லை.

வருடத்துக்கு ஒருமுறை முழுப் பேமெண்ட் ஹிஸ்டரியை எழுத்தில் கேளுங்கள். தப்பு இருந்தால் அதைச் சுட்டிக்காட்டி சர்வீஸருக்கு "நோட்டீஸ் ஆஃப் எரர்" என்ற கடிதம் அனுப்புங்கள். இதற்கென்று சர்வீஸர் தனி முகவரி அறிவித்திருந்தால் அதற்குத்தான் போக வேண்டும், தவணை அனுப்பும் முகவரிக்கு அல்ல. 5 வேலை நாளில் ஒப்புகை, பொதுவாக 30 வேலை நாளில் பதில் தர வேண்டும். பிளான் (சாப்டர் 13-ல் கடன் கட்டும் திட்டம்) முடியும்போது டிரஸ்டி போடும் இறுதி நோட்டீஸுக்கு, இன்னும் பாக்கி என்று சர்வீஸர் பதில் சொன்னால், வழக்கை மூடும் முன்பே நீதிபதி முன் கொண்டுபோங்கள். மூடிய பிறகு வழக்கைத் திறக்க வைப்பது தனிச் செலவு.

இன்னொரு வகை திவால் மனுவான சாப்டர் 7 ஏலத்தைத் தள்ளிப்போடும், அவ்வளவே. நிலுவையைத் தவணையாகக் கட்ட வழி தராது.

ஏல நோட்டீஸ் வெளியானதும் "நிறுத்தித் தருகிறோம்" என்று வருகிற ஏஜெண்டுகள் தனி ரகம். கடன் கொடுத்தவர் எழுத்தில் தரும் சலுகையை நீங்கள் ஏற்கும்வரை அவர்கள் பணம் வாங்கக் கூடாது என்பது கூட்டாட்சி விதி. நிபந்தனையோடு விலக்கு வக்கீல்களுக்கு மட்டும். சிலர் உங்கள் பெயரில் அரைகுறை மனு போட்டுவிட்டு மறைந்துவிடுவார்கள், அது தள்ளுபடியாகும். ஒரே வருடத்தில் இரண்டாவது மனு போட்டால், மனு போட்டதும் ஏலத்தைத் தானாக நிறுத்தும் பாதுகாப்பு, கோர்ட் நீட்டிக்காவிட்டால் 30 நாள்தான். மூன்றாவதில் தானாகப் பாதுகாப்பு கிடைக்காது. வீட்டுப் பத்திரத்தில் சிறு பங்கையாவது எழுதிக் கொடுக்கச் சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.