சீசன் முழுக்கப் பனி தள்ளித் தருகிறோம் என்று வருகிறவர்களிடம் உஷாராக இருங்கள்

பனிக்காலம் தொடங்கும் முன்பே கதவைத் தட்டி, "சீசன் முழுக்க நாங்களே வந்து பனி தள்ளித் தருகிறோம், நீங்கள் பனி அள்ளும் ஷவலைத் தொடவே வேண்டாம்" என்று ஒப்பந்தத்தை நீட்டுகிறவர்கள் உங்கள் பக்கமும் வருவார்கள். கையெழுத்துப் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள். முன்பணம் வாங்கிக்கொண்டு போனை அணைத்துவிட்டு ஓடிப்போகிற ஆட்களைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். எங்களுக்கு வாய்த்தவர் ஓடவில்லை. பெரும்பாலான பனிப்பொழிவுக்கு வந்தார், வந்ததற்குப் போட்டோவும் அனுப்பினார். வந்தே ஏமாற்றினார். அதை விளக்கத்தான் இத்தனை நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

சீசன் பணம் மொத்தமும் முதலிலேயே கட்ட வேண்டும். கார்டு வாங்குவதில்லையாம், வங்கிக் கணக்குக்கு நேராக அனுப்பினால்தான் தள்ளுபடியாம். அனுப்பியதும் டிரைவ்வேயின், அதாவது தெருவிலிருந்து வீட்டுக்குக் கார் வரும் பாதையின், இரண்டு ஓரமும் பனி மூடினாலும் இடம் தெரிவதற்காகக் கம்பெனி பெயர் போட்ட குச்சிகளை வரிசையாக நட்டுவிட்டுப் போனார். முழு சீசனிலும் அவர்கள் ஒழுங்காகச் செய்த ஒரே வேலை அதுதான்.

ஒப்பந்தத்தில் மூன்று வரிகள். 5 செ.மீ. பனி சேர்ந்தால் வருவோம், அளவு எங்கள் அளவீட்டின்படி. ஒரு பனிப்பொழிவுக்கு ஒரு வருகை. வேலை "நியாயமான நேரத்துக்குள்" முடிக்கப்படும். படித்தால் ஒன்றும் தப்பாகத் தெரியாது, யாராக இருந்தாலும் கையெழுத்துப் போடுவார்கள். ஆனால் பனி நம் வசதிக்கு ஒரே மூச்சில் கொட்டி நிற்கிற சமாசாரம் இல்லை. பெரிய புயல் என்றால் சாயந்திரம் மெல்லத் தொடங்கும், நள்ளிரவுக்கு மேல்தான் வலுக்கும், விடிந்து வெகுநேரம் கழித்துத்தான் ஓயும். இவருடைய வண்டி எப்போது வரும் தெரியுமா? சாயந்திரம், பனி கணுக்கால்கூட வராத நேரத்தில். அரை நிமிடம் முன்னும் பின்னும் ஒரு தள்ளு, சுத்தமான டிரைவ்வே ஒரு போட்டோ, "உங்கள் வீட்டு வேலை முடிந்தது" என்று ஒரு குறுஞ்செய்தி. வருகைக் கணக்கு முடிந்தது. மீதிப் புயல் முழுக்க இரவு கொட்டி, காலையில் வெளிக்கதவைத் தோளால் முட்டித் திறக்க வேண்டிய நிலையில் போன் போட்டால், "இந்தப் பொழிவுக்கு வந்துவிட்டார்களே, போட்டோ பார்க்கவில்லையா?" என்று கேட்கிறார்கள். போட்டோவைப் பார்த்தேன். கறுப்பாகப் பளிச்சென்று தார்த்தளம் தெரிகிறது. ஜன்னல் வழியே பார்த்தால் காரின் சக்கரம் தெரியவில்லை.

இன்னொரு விதமும் உண்டு, அது இதைவிட மோசம். ஒரு நாள் 4 செ.மீ., மறுநாள் இன்னொரு 4 செ.மீ. இரண்டும் தனித்தனிப் பொழிவு, இரண்டும் 5-க்குக் கீழே, ஆகவே வர மாட்டார்கள். அது டயருக்கு அடியில் நசுங்கி, நடுவில் ஒரு நாள் வெயிலில் கொஞ்சம் உருகி, ராத்திரி மறுபடி உறைந்து, டிரைவ்வே முழுக்க ஒரே பாளமாக ஐஸ். அப்புறம் வருகிற, பனி தள்ளும் பிளவ் வண்டி மேலே விழுந்த புதுப்பனியைத்தான் வழித்துக்கொண்டு போகும். அடியில் இருக்கிற ஐஸ் அவர்கள் பாஷையில் "பனி அல்ல".

இதெல்லாம் சின்ன விஷயம், நாமே தள்ளிக்கொள்ளலாமே என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. 10 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம் உள்ள டிரைவ்வேயில் 20 செ.மீ. பனி விழுந்தால் 10 கன மீட்டர். கடும் குளிரில் விழுகிற பஞ்சுப்பனி என்றாலும் ஒரு கன மீட்டர் 50 முதல் 100 கிலோ வரை இருக்கும், ஆக ஒரு டன் வரை போகலாம். பூஜ்ஜியத்தை ஒட்டிய நாளில் விழுகிற ஈரப்பனி 300 கிலோகூட வரும், அப்போது அதே டிரைவ்வேயில் 3 டன். இதை ஒரு ஷவல் ஷவலாக அள்ளிப் போட வேண்டும். அதைச் செய்ய முடியாது என்றுதானே காசு கொடுத்து ஆள் வைக்கிறோம்.

அதோடு முடிந்ததா? தெருவில் பனியைத் தள்ளிச் சுத்தம் செய்கிற வண்டி போகும்போது எல்லோர் வீட்டு டிரைவ்வே வாயிலும் வயல் வரப்பு போல ஒரு மேடு போட்டுவிட்டுப் போகும். அது சாதாரணப் பனி இல்லை, அழுத்தப்பட்ட பனியும் ஐஸ் கட்டியும் உப்புத் தண்ணீரும் கலந்தது, ஒரு மணி நேரம் விட்டால் இறுகிவிடும். காரை வெளியே எடுக்க முடியாமல் செய்வது முக்கால்வாசி நேரம் இந்த மேடுதான். எங்கள் ஒப்பந்தத்தில் அது சேர்த்தி இல்லையாம். எழுதியிருக்கிறதா என்று கேட்டேன். "சேர்த்தி என்று எழுதியிருக்கிறதா?" என்று திருப்பிக் கேட்டார்கள். சரி, பேசத் தெரிந்தவர்கள்.

இதுவரை சொன்னது எல்லாம் காசுக்கும் முதுகுக்கும் ஆன நஷ்டம். இனிச் சொல்லப் போவதுதான் உயிர் சம்பந்தப்பட்டது. பனியைத் தள்ளினால் எங்கேயாவது குவிக்க வேண்டும். முன்புறத் தோட்டத்தில் இடம் இருக்கிறது, ஆனால் அங்கே தள்ள வண்டியை இரண்டு தடவை திருப்ப வேண்டும். இவர் நேராக வீட்டின் பக்கச் சுவரில் கொண்டுபோய் முட்டிவிட்டுப் போவார். அந்தச் சுவரில்தான் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸின் இரண்டு வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய்கள், தரையிலிருந்து முழங்கால் உயரத்தில், ஒன்று காற்றை உள்ளே இழுப்பது, மற்றது எரிந்த வாயுவை வெளியே விடுவது. ஒரு நாள் விடிகாலையில் அம்மா கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்து, "என்னடா, வீடு இப்படிச் சில்லிட்டுக் கிடக்கு?" என்று எழுப்பினாள். ஃபர்னஸ் நின்றுபோயிருந்தது. வெளியே போய்ப் பார்த்தால் குழாய்கள் இருந்த இடமே தெரியவில்லை, இடுப்பளவு குவியல். கையால் தோண்டியதில் குழாயின் வாய்க்குள்ளும் பனி இறுகியிருந்தது. குழாய் அடைபட்டால் உள்ளே இருக்கும் பிரஷர் சுவிட்ச் ஃபர்னஸை நிறுத்திவிடும், எங்களுக்கு அது வேலை செய்தது. அது சரியாக வேலை செய்யாத வீடாக இருந்தால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு வீட்டுக்குள்ளேயே திரும்பும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, தலைவலி, குமட்டல், தூக்கம் என்று வரும், தூங்குகிறவர்களுக்கு அதுவும் தெரியாது. ஆகவே ஆள் வைத்திருக்கிறோமே என்று இருந்துவிடாமல், ஒவ்வொரு பெரிய பொழிவுக்குப் பிறகும் அந்தக் குழாய்களையும் கேஸ் மீட்டரையும் போய்ப் பாருங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரத்தின் பாட்டரியையும்தான். பனியில் நிற்கும் காரை ஸ்டார்ட் செய்யும் முன் பின்னால் புகைக்குழாயைச் சுற்றித் தோண்டிவிடுவதும் இதே காரணத்துக்காகத்தான்.

இதைப் பற்றிப் புகார் சொன்னதற்கு அவர் சொன்ன பதில்: "குழாய் இருக்கிற இடத்தில் ஒரு குச்சி நட்டிருக்கலாமே."

அடுத்தது உப்பு. இதில்தான் எனக்கு இன்னமும் ஆத்திரம் தீரவில்லை. ஐஸ் பாளத்தை உருக்க உப்பு போட வேண்டுமென்றால் தனிக் கட்டணம், அதுவும் "மைனஸ் 30 வரை வேலை செய்யும் ஸ்பெஷல் உப்பு" என்று சாதா உப்பைப்போல் இரண்டு மடங்கு. மைனஸ் 18 டிகிரி இருந்த ஒரு காலையில் ஆள் வந்து நீலப்பச்சை நிறத்தில் எதையோ தூவிவிட்டுப் போனான். சாயந்திரம் குனிந்து பார்த்தால் அத்தனையும் போட்டது போட்டபடி முழு முழுக் கல்லாக ஐஸின் மேல் உட்கார்ந்திருந்தது. அடியில் ஒரு குழிகூட விழவில்லை. ஷூவால் தேய்த்தால் உருண்டு ஓடியது. சாதாரணக் கல் உப்பு, அதாவது சோடியம் குளோரைடு, மைனஸ் 9 அல்லது 10 டிகிரி வரைதான் உருப்படியாக வேலை செய்யும். அதற்குக் கீழே கரைவதே மெதுவாகிவிடும், மைனஸ் 21-க்குக் கீழே எவ்வளவு கொட்டினாலும் ஐஸ் உருகாது. கால்சியம் குளோரைடுதான் மைனஸ் 25-இலும் உருக்கும். விலையும் அதிகம். நிறம் என்பது வெறும் சாயம், எந்த உப்புக்கும் போடலாம்.

வித்தியாசம் கண்டுபிடிக்க லேப் எல்லாம் வேண்டாம். அரை டம்ளர் தண்ணீரில் ஒரு கரண்டி போட்டுக் கலக்குங்கள். கால்சியம் குளோரைடு என்றால் டம்ளர் சுடுவது கையில் தெரியும். கல் உப்பு என்றால் சூடே வராது, பார்க்கப் போனால் துளி குளிரும். ஒரு தட்டில் திறந்து வைத்தால் கால்சியம் குளோரைடு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக் கசிந்து தண்ணீராகிவிடும். கையில் எடுத்துப் பார்க்கிறேன் என்று ஈரக்கையால் தொடாதீர்கள், எரியும். சமையலறை டம்ளரையும் எடுக்காதீர்கள். டிரைவ்வேயில் பொறுக்கிய அந்த நீலப்பச்சைக் கல்லை நான் இப்படிப் போட்டுப் பார்த்தேன், டம்ளர் சூடாகவே இல்லை. வீடியோவும் எடுத்து வைத்திருக்கிறேன். கடும் குளிரில் நல்ல உப்பு கிடைக்காவிட்டால் மணலைத் தூவுங்கள், உருக்காது, ஆனால் வழுக்காது. புதிதாகப் போட்ட கான்கிரீட்டில் முதல் குளிர்காலம் எந்த உப்பும் வேண்டாம், மேல்தோல் உரிந்துவிடும்.

அவர்களை நம்ப முடியாது என்று ஆனபின் நாங்களேதான் தள்ளினோம். அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை, ஒன்றைத் தவிர. இதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஷவலை எடுக்கவே வேண்டாம். குளிரில் ரத்தக் குழாய் சுருங்குகிறது, கனத்தைத் தூக்கும்போது நம்மை அறியாமல் மூச்சைப் பிடிக்கிறோம், அழுத்தம் சட்டென்று ஏறுகிறது. மற்றவர்களும் தூக்கி எறிவதைவிடத் தள்ளுவது நல்லது. புயல் முழுக்க நிற்கட்டும் என்று காத்திராமல் நடுநடுவே தள்ளிவிட்டால் ஒவ்வொரு தடவையும் பாரம் குறைவு.

ஒப்பந்தம் போடுவதே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. வயதானவர்கள் இருக்கும் வீட்டுக்கு வேறு வழியும் இல்லை. போடுவதென்றால், பொழிவு நின்ற பின் எத்தனை மணி நேரத்துக்குள் வருவார்கள் என்று எண்ணில் எழுதச் சொல்லுங்கள், "நியாயமான நேரம்" என்ற வார்த்தையை அடிக்கச் சொல்லுங்கள். நீண்ட பொழிவு என்றால் நடுவில் ஒன்று, முடிந்தபின் ஒன்று என்று இருக்க வேண்டும். தெருவண்டி போடும் மேடு சேர்த்தியா, பல நாள் சிறுகச் சேர்ந்த பனி கணக்கில் வருமா, எங்கே குவிப்பார்கள், உப்பு மூட்டையின் மேல் என்ன எழுதியிருக்கிறது, வண்டி இடித்துச் சுவரோ கேட்டோ உடைந்தால் அவர்களிடம் காப்பீடு இருக்கிறதா, எல்லாம் காகிதத்தில். வாயால் சொன்னது எதுவும் பிப்ரவரியில் ஞாபகம் இருக்காது. பணம் மாதாமாதம், அதுவும் கார்டில் கட்டினால் தகராறு வரும்போது வங்கி மூலம் திரும்பக் கேட்கவாவது வழி இருக்கும். போட்டோ அனுப்பினால் நேரம் தெரிகிற போட்டோவாகக் கேளுங்கள். நீங்களும் அதே நேரத்துக்கு ஒன்று எடுத்து வையுங்கள்.

எங்கள் கதை எங்கே நிற்கிறது என்றால், மீதிப் பணத்தைக் கேட்டேன். முதல் வருகைக்குப் பிறகு பணம் திரும்பாது என்று பின்பக்கத்துப் பொடி எழுத்தைக் காட்டினார்கள். அடைந்த குழாயின் போட்டோ, உப்பு வீடியோ, அவர்கள் அனுப்பிய குறுஞ்செய்திகளின் நேரம் எல்லாவற்றையும் சேர்த்து நுகர்வோர் முறையீடு கொடுத்த பிறகுதான் குரல் கொஞ்சம் இறங்கியது. சமாதானமாகப் போய்விடலாம், அடுத்த சீசனுக்குப் பாதி விலையில் செய்து தருகிறோம் என்கிறார்கள். அந்தப் பாதியையும் இப்போதே முழுசாகக் கட்டிவிட வேண்டுமாம். நான் முறையீட்டை வாபஸ் வாங்குவதாக இல்லை.