முதுகா, சுழற்றலா, தூணா: ஒட்டு தெரியாமல் ஷாட்டுகளைச் சேர்ப்பது எப்படி?

தனித்தனியாக எடுத்த ஷாட்டுகளை ஒரே டேக் (கேமராவை நிறுத்தாமல் எடுத்தது) போலக் காட்டப் பெரும்பாலும் மூன்று வழிகள் புழக்கத்தில் உண்டு. ஒருவரின் முதுகு லென்ஸை மறைக்கும்போது வெட்டலாம். கேமராவை வெடுக்கென்று திருப்பி, அந்தக் கலங்கலில் வெட்டலாம். தூணோ கதவோ ஃபிரேமைக் கடக்கையில் அதன் விளிம்போடு அடுத்த ஷாட்டைத் திறக்கலாம்.

முதுகு பழைய வித்தை. 1948-இல் இயக்குநர் ஹிட்ச்காக், ஒரே டேக் போலத் தோன்றும் ‘ரோப்’ படத்தை எடுத்தபோது, கேமராவில் போட்ட ஃபிலிம் சுமார் பத்து நிமிடம்தான் ஓடும். அதனால் கேமரா ஒருவரின் கோட்டு முதுகை ஒட்டிப் போய்த் திரை இருண்டதும் வெட்டினார். இன்று பார்த்தால் அது அப்பட்டமாகத் தெரிகிறது. அந்த முதுகிடம் போக கேமராவுக்கு வேறு வேலையே இல்லை! ஆள் தன் போக்கில் கேமராவைக் கடந்தால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். கேமரா ஆளைத் தேடிப் போனால் மாட்டிக்கொள்வோம். (அதே படத்தில், தியேட்டரில் ரீல் முடிந்து ப்ரொஜெக்டர் மாற்ற வேண்டிய இடங்களில் ஹிட்ச்காக் ஒளிக்காமலே வெட்டியிருக்கிறார்.)

சுழற்றலுக்குச் செலவே இல்லை. இரண்டு ஷாட்டிலும் ஒரே திசை, ஏறக்குறைய ஒரே வேகம் இருந்தால் போதும். ஆனால் நடுப்பகல் வெயிலில் போன் தானாகவே ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்துவிடும். கலங்கலே வராது, ஒட்டு பல்லிளிக்கும். லென்ஸுக்குள் வரும் வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டரை மாட்டி, ஷட்டரை 1/50 நொடிக்குக் கொண்டுவர வேண்டும். அப்படியும், ரீல்ஸில் இதைப் பார்த்துப் பார்த்துச் சலித்த கண் கேமரா திரும்பும்போதே ‘இதோ கட்’ என்று கண்டுபிடித்துவிடுகிறது.

என் ஓட்டு தூணுக்கு. கேமரா வலப்பக்கம் நகர்ந்தால் தூண் ஃபிரேமில் வலமிருந்து இடமாகப் போகும். அதன் வலது விளிம்பை ஃபிரேம் ஃபிரேமாகத் தொடர்ந்து மாஸ்க் போட்டால் (அதாவது, அந்த விளிம்பு வரை மட்டும் பழைய ஷாட் தெரியும்படி வெட்டினால்), தூணுக்கு இந்தப் பக்கம் பழைய ஷாட், அந்தப் பக்கம் புது ஷாட். திரை முழுக்க இருள வேண்டிய கட்டாயம் இல்லை. எடிட்டிங்கில் பொறுமை வேண்டும், அவ்வளவுதான். இரண்டு டேக்கிலும் நடை வேகம் மாறினால் மட்டும் தூண் காப்பாற்றாது.

எதை எடுத்தாலும் வெளிச்சம் மாறக்கூடாது. ஒரே டேக் போலத் தோன்றும் ‘1917’ படத்தின் குழு வெளிப்புறக் காட்சிகளுக்கு மேகம் சூரியனை மறைக்கும்வரை காத்திருந்தது அதற்காகத்தான். நாம் செய்யக்கூடியது, எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), ஃபோகஸ், ஒயிட் பேலன்ஸ் (நிறச் சாயல்) மூன்றையும் லாக் செய்வது. அப்புறம் சத்தம். பின்னணி ஒலியை ஒரே துண்டாக ஒட்டின் மேல் ஓடவிட்டால் பாதிப் பிழை காதிலேயே மறைந்துவிடும்.

பேட்டி வீடியோ என்றால் கதை வேறு. எடிட்டிங் மென்பொருள்களான ரிசால்வில் ஸ்மூத் கட், பிரீமியரில் மார்ஃப் கட் என, வெட்டின் இரு பக்கத்து முகத்தையும் கலந்து ஒட்டும் வசதிகள் இருக்கின்றன. முகம் அசையாமல் இருந்தால் சரி. கையை ஆட்டிப் பேசுபவரிடம் விரல்கள் கரைந்து ஓடும். அங்கே பேசாமல் நேரடியாக வெட்டிவிடுங்கள்.