அடீனியம் (பாலைவன ரோஜா) ஒட்டுச் செடி வாங்குறவங்க கவனிங்க, எனக்கு 2,450 ரூபாய் போச்சு

செவ்வாய்க்கிழமை பார்சல் வந்தது. இன்று வெள்ளி. காலையில் என் நம்பரையே பிளாக் செய்துவிட்டார்கள். வயிறு எரிகிறது.

வாட்ஸ்அப்பில் செடி விற்கும் ஒரு நர்சரி. மஞ்சள் அடுக்கு, கருஞ்சிவப்பு, வெள்ளையில் ஊதா விளிம்பு என்று மூன்று அடீனியம். ஒன்று 750, குரியர் 200. என் மொட்டை மாடியில் இருப்பதெல்லாம் விதையில் வந்த சாதா ரோஸ் நிறம். விதை போட்டால் தாய்ச்செடியின் பூ அப்படியே வராது. அந்தப் பூதான் வேண்டும் என்றால் பெரும்பாலும் ஒட்டுச் செடிதான் வாங்குவோம், அதாவது அந்தப் பூ பூக்கும் செடியின் கிளையை வெட்டி ஒரு விதைக் கன்றின் தண்டில் ஒட்டி, டேப் கட்டிக் கூடவைத்த செடி. அதற்குத்தான் இந்த விலை.

கேட்காமல் ஒன்றும் வாங்கவில்லை. ஒட்டுப் போட்ட இடத்தைக் காட்டுங்கள் என்றேன். உடனே வீடியோ காலில் வந்தான் ஒரு பையன். வரிசையாகத் தொட்டிகள், தண்டுக்குத் தண்டு டேப். "நானே கட்டினதுக்கா, மூணு மாசம் ஆச்சு, நல்லா கூடிடுச்சு. பட்டுப்போனா வேற அனுப்புறேன், நான் பொறுப்பு" என்றான். பின்னால் ஒரு அம்மா குனிந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தார். பாடுபடுகிற குடும்பம் என்று நினைத்து முழுப் பணத்தையும் அனுப்பினேன்.

பெட்டியைத் திறந்ததும் புளித்த வாடை. வேரைச் சுற்றி ஈரச் செய்தித்தாள். அடீனியத்தை மண்ணை உதறிக் காயவைத்து அனுப்பினால் ஒரு வாரம்கூடத் தாங்கும். ஈரத்தோடு பொதிந்தால்தான் அழுகும். மஞ்சள் பூ என்று எழுதியிருந்த செடியின் கிழங்கை, அதாவது பருத்த அடித்தண்டை அழுத்தினேன், கட்டைவிரல் உள்ளே போய்ப் பழுப்பாக நீர் கசிந்தது.

மற்ற இரண்டும் கெட்டியாக இருந்தன. மூன்று மாதம் ஆயிற்றே என்று டேப்பைப் பிரித்தேன். உள்ளே வெட்டே இல்லை! ஒட்டுப் போட்ட தண்டில் தழும்பு தெரியும், அந்த இடம் கொஞ்சம் புடைத்திருக்கும். இதில் பட்டை கீழிருந்து மேல்வரை ஒரே வழவழப்பு. சாதா விதைக் கன்றில் வெறும் டேப்பைச் சுற்றி 750 ரூபாய்க்குத் தள்ளியிருக்கிறார்கள்.

போன் செய்தால் முதலில் "குரியர்காரன் லேட் பண்ணிட்டான்." அடுத்த நாள் "பார்சல் பிரிச்ச வீடியோ இருக்கா?" டேப்பைப் பற்றிக் கேட்டதும் "பூக்கட்டும்கா, அப்புறம் பேசலாம்." அப்புறம் பேச்சே இல்லை. 2,450 ரூபாய்.

பார்த்து வாங்குவது எப்படி என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், மனசு ஓடவில்லை. டேப் எடுத்து ஒட்டு கூடிய செடியை, முடிந்தால் பூவோடு, நேரில் பார்த்து வாங்குங்கள். கிழங்கை அழுத்திப் பாருங்கள். நீல அடீனியம் என்று படம் போட்டால் அந்தப் பக்கமே போகாதீர்கள், அப்படிப் பூ கிடையாது. பார்சலை வீடியோ எடுத்துக்கொண்டே பிரியுங்கள்.

அழுகியதை வெட்டிப் பார்த்தேன், நுனிவரை பழுப்பு ஏறிவிட்டது. நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுக்கப் போகிறேன். இப்படி டேப் சுற்றிய கன்று உங்களுக்கும் வந்திருந்தால் சொல்லுங்கள், நீங்களும் புகார் கொடுங்கள்.