மருந்தைக் குறைத்து எழுதிய டாக்டரம்மா: எங்கள் வார்டு ஆரம்ப சுகாதார நிலையம்

மதுரையில் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்று இருக்கிறது. ஐந்து வருடமாக இதே தெருவில் குடியிருக்கிறேன். பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடத் தவிர அந்தப் படி ஏறியதில்லை. காய்ச்சல் என்றால் பஸ் ஏறி ஒரு தனியார் கிளினிக்குக்குப் போவதுதான் வழக்கம். போன ஐப்பசி மழையில் அது மாறியது. பிள்ளை வைத்திருக்கிறவர்களுக்குப் பயன்படும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

மூத்தவளுக்கு மூன்றரை வயது. திங்கள் ராத்திரி காய்ச்சல் ஆரம்பித்தது. மூக்கொழுகல், கொஞ்சம் இருமல். அக்குளில் தெர்மாமீட்டர் வைத்தால் 102. பாரசிட்டமால் சிரப் கொடுத்தேன், இறங்கவில்லை. மறுபடி கொடுத்தேன், அப்போதும் இறங்கவில்லை. வீட்டுக்காரர் திருப்பூரில் வேலையில் இருக்கிறார். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "ஏத்தா, ஒரு ஊசி போட்டாத்தான் இது கேக்கும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். விடிந்தும் விடியாமலும் அடைமழை. பஸ் ஏற முடியாது. சரி என்று வீட்டில் இருந்த மருந்து பாட்டில்களை எல்லாம் ஒரு பையில் போட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்த இந்த இடத்துக்கே போனோம்.

ஓபி சீட்டு போட்டு, முறை வர ஒன்றரை மணி நேரம் ஆனது. அதை மறைக்க வேண்டியதில்லை, கூட்டம் அதிகம். ஆனால் உள்ளே போவதற்கு முன்பே நர்ஸம்மா குழந்தையை எடை போட்டார். 13 கிலோ. அந்த எண்ணைச் சீட்டில் எழுதிய பிறகுதான் டாக்டரிடம் அனுப்பினார். முன்பு போன கிளினிக்கில் கடைசியாக எப்போது எடை பார்த்தார்கள் என்று யோசித்தேன், ஞாபகம் வரவில்லை.

டாக்டரம்மா சட்டையைத் தூக்கி நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தார். காதுக்குள் லைட் அடித்தார், தொண்டை பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார், கழுத்தைக் குனிய வைத்தார். அப்புறம் என் பையைக் கொட்டச் சொன்னார். "எத்தனை மில்லி குடுத்தீங்க?" "ரெண்டரை." "யார் சொன்னது?" அவளுக்கு ஒரு வயதாக இருக்கும்போது எழுதிய பழைய சீட்டை எடுத்துக் காட்டினேன்.

அங்கேதான் விஷயம் புரிந்தது. அந்தச் சீட்டில் இருந்தது 5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ள சிரப். இந்த முறை நான் மெடிக்கலில் வாங்கியது 5 மில்லியில் 125 உள்ளது. பாட்டிலின் வடிவம், நிறம், பெயர் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். பிள்ளையும் இப்போது வளர்ந்துவிட்டாள். கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்பது கணக்கு. 13 கிலோவுக்கு 195 வரை போகலாம். நான் கொடுத்தது வெறும் 62. மூன்றில் ஒரு பங்கு! காய்ச்சல் எப்படி இறங்கும்? "மருந்து கேக்கலைன்னு நினைச்சுத்தான் எல்லாரும் ஊசி கேக்குறாங்க, ஆன்டிபயாடிக் கேக்குறாங்க. மருந்து சரியாத்தான்மா இருக்கு, அளவுதான் தப்பு" என்றார். இந்தப் பாட்டிலில் 7 மில்லி, தேவைப்பட்டால் ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை, நாளைக்கு நான்கு தடவைக்கு மேல் கூடாது என்று சீட்டில் எழுதி, பாட்டில் மேலேயும் பேனாவால் எழுதிக் கொடுத்தார். மூடியில் ஊற்றாமல் ஊசியில்லாத சிரிஞ்சில் அளக்கச் சொல்லி ஒன்று கையில் தந்தார்.

பையில் இன்னும் இரண்டு பாட்டில் இருந்தன. ஒன்று மெஃபனமிக் ஆசிட் கலந்த காய்ச்சல் சிரப். மழைக்காலம், டெங்கு இல்லை என்று தெரிகிற வரை இதைத் தொடவே கூடாது, ரத்தக்கசிவுக்கு வழி வைக்கும் என்று தனியாக எடுத்து வைத்தார். இன்னொன்று செஃபிக்ஸைம் என்கிற ஆன்டிபயாடிக் பொடியில் தண்ணீர் கலந்த சிரப். இரண்டு மாதம் முன்பு ஒரு சளிக் காய்ச்சலுக்கு, முதல் நாளே அந்தத் தனியார் கிளினிக்கில் எழுதிக் கொடுத்தது. குடித்த நான்கு நாளும் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு, உட்காருகிற இடமெல்லாம் புண். பாதியில் நிறுத்தி ஃபிரிட்ஜில் வைத்திருந்தேன். கலந்த பிறகு லேபிளில் போட்டிருக்கிற நாளோடு அதன் ஆயுள் முடிந்தது, கொட்டிவிடுங்கள் என்றார். மூக்கொழுகலோடு வரும் காய்ச்சல் பெரும்பாலும் வைரஸ் கிருமியால் வருவது, அதை இந்த மருந்து ஒன்றும் செய்யாது, வயிற்றில் இருக்கிற நல்ல கிருமியைத்தான் கொல்லும் என்று மாமியாரைப் பார்த்துச் சொன்னார். மாத்திரை அட்டையில் இருக்கிற சிவப்புக் கோட்டையும் காட்டினார். சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாது என்பதற்குத்தான் அந்தக் கோடு. 2016-இல் மத்திய அரசு அதற்காகப் பிரசாரமே நடத்தியதாம். நான் இவ்வளவு நாள் அதை அட்டையின் டிசைன் என்று நினைத்திருந்தேன்.

மாமியார் விடவில்லை. "அப்ப ஊசி?" என்றார். டாக்டரம்மாவுக்குக் கோபம் வரவில்லை. "அம்மா, நாளான்னைக்கு நீங்களே கூட்டிட்டு வாங்க. காய்ச்சல் நிக்கலைன்னா ரத்தம், யூரின் ரெண்டும் பார்த்துட்டு என்ன தேவையோ அதைக் குடுப்போம்" என்றார். வெறும் கையோடு அனுப்பவில்லை, திரும்பி வர ஒரு நாள் குறித்து அனுப்பினார். எனக்கு அதுதான் பெரிய தைரியம்.

சீட்டின் பின்பக்கம் தமிழில் எழுதித் தந்ததை இன்னும் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன். தண்ணீரோ பாலோ குடிக்க முடியவில்லை, குடித்ததெல்லாம் வாந்தி, வலிப்பு, எழுப்பினாலும் சரியாக முழிக்காமல் துவண்டு கிடப்பது, மூச்சு வாங்குவது, வயிறு விடாமல் வலிப்பது, ரத்தம் எங்கே தெரிந்தாலும் சரி, நாள் பார்க்காமல் ஓடி வர வேண்டும். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது. கையில் சாவிக்கொத்தைக் கொடுப்பதால் ஒரு பயனும் இல்லை. எங்கள் வீட்டில் சாவிக்கொத்துதான் முதலில் தேடுவோம்.

7 மில்லி கொடுத்த ஒரு மணி நேரத்தில் 100-க்கு வந்தது. பிள்ளை எழுந்து இட்லி கேட்டாள். மூன்றாம் நாள் ரத்தம் எடுத்தார்கள், காசு வாங்கவில்லை. தட்டணுக்கள் சரியாக இருந்தன. நான்காம் நாள் காய்ச்சல் விட்டதும் நான் நிம்மதியாகிவிட்டேன், டாக்டரம்மா ஆகவில்லை. டெங்குவாக இருந்தால் காய்ச்சல் விடுகிற நேரம்தான் கவனிக்க வேண்டிய நேரம் என்று மறுநாளும் வரச் சொல்லி இன்னொரு தடவை ரத்தம் பார்த்தார். ஒன்றும் இல்லை. ஆன்டிபயாடிக் ஒரு சொட்டு இல்லாமல் சரியானது.

அப்படியானால் இவர் ஆன்டிபயாடிக்கே எழுத மாட்டார் என்று நினைக்க வேண்டாம். மார்கழியில் சின்னவனுக்கு, பத்து மாதம், சளியும் காய்ச்சலும். அதே மாதிரி பாரசிட்டமாலோடு அனுப்புவார் என்று நினைத்துத்தான் போனேன். மடியில் அவன் அமைதியாக இருக்கும்வரை காத்திருந்து, செல்போனில் ஒரு நிமிடம் முழுசாக வைத்து மூச்சை எண்ணினார். 58. இந்த வயதுக்கு 50-ஐத் தொட்டாலே வேகமான மூச்சு, நிமோனியா என்றுதான் எடுத்துக்கொள்வோம் என்றார். நெஞ்சு உள்வாங்கவில்லை, பால் குடிக்கிறான் என்பதால் வீட்டிலேயே பார்க்கலாம் என்று தண்ணீரில் கரைகிற அமாக்ஸிசிலின் மாத்திரை ஐந்து நாளுக்குக் கொடுத்தார். முதல் மாத்திரையை அங்கேயே ஸ்பூனில் கரைத்து ஊட்ட வைத்தார்கள். நல்லாகிவிட்டான் என்று இரண்டாம் நாளே நிறுத்தாதீர்கள் என்று நர்ஸம்மா வாசல் வரை வந்து சொன்னார். இரண்டு நாள் கழித்துப் போனபோது மறுபடி எண்ணினார், 42.

குறைகளும் உண்டு. ராத்திரியில் டாக்டர் கிடையாது. உட்கார பெஞ்ச் போதாது, கைக்குழந்தையோடு நின்றேன். குழந்தை டாக்டர் என்று தனியாக யாரும் இல்லை. ஒருநாள் சிரப் தீர்ந்துபோய் வெளியில் வாங்க வேண்டி வந்தது. மூன்று மாதத்துக்குள் இருக்கிற கைக்குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் இங்கே வரிசையில் நிற்க வேண்டாம், நேராகப் பெரியாஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள் என்று அவர்களே சொல்கிறார்கள்.

போகிறவர்கள் காலை எட்டு மணிக்கே போய்ச் சீட்டு போடுங்கள். வீட்டில் இருக்கிற பாட்டில்களை எல்லாம் பையில் எடுத்துப் போங்கள். மாமியார் இப்போது அவர் மூட்டுவலிக்கும் அங்கேதான் போகிறார்.