ரக்கூனுக்கு ஒருவழிக் கதவும் 16 கேஜ் வலையும்: ஐந்து குளிர்காலம் தாண்டிய பிறகு

கூரைக்குள் குடியேறும் ரக்கூன் என்ற காட்டு விலங்கை வீட்டை விட்டு வெளியேற்ற ரொறன்ரோக் கடைகளில் விற்கும் சாமான்களில் ஐந்து குளிர்காலம் தாண்டியும் வேலை செய்பவை இரண்டுதான். ஒன்று ஒருவழிக் கதவு (வெளியே போக விடும், திரும்ப உள்ளே வர விடாது), மற்றது அதைச் சுற்றி அடிக்கும் தடித்த கம்பிவலை. நாற்றத் தெளிப்பான், மின்னி மின்னி எரியும் விளக்கு, காதுக்குக் கேளாத ஒலி எழுப்பும் பெட்டி எல்லாம் முதல் வாரம் பலன் தருவது போலத் தெரியும். பிறகு ரக்கூன் பழகிக்கொண்டு அதன் பக்கத்திலேயே படுத்துத் தூங்கும். கதவும் வலையும்கூடப் பிழையான மாதத்தில் பொருத்தினால் வீட்டுக்கும் சேதம், குட்டிகளுக்கும் சாவு. ஆகவே மாதக் கணக்கிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் ரக்கூன் இணை சேர்வது ஜனவரியிலிருந்து மார்ச் வரை. சினைக்காலம் ஏறக்குறைய 63 நாள். குட்டிகள் பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில் பிறக்கும், ஓர் ஈற்றில் மூன்று முதல் ஐந்து வரை. கண் திறக்கவே மூன்று கிழமை (வாரம்) ஆகும். தாயின் பின்னால் தாமாக ஏறி இறங்க எட்டு முதல் பத்து கிழமை வேண்டும். எனவே மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை கூரைக்குள் ரக்கூன் சத்தம் கேட்டால் குட்டி இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். இந்த மாதங்களில் ஒருவழிக் கதவு பொருத்தினால் தாய் வெளியே போகும், திரும்பி வரும், கதவு திறக்காது. குட்டியின் குரல் கேட்கும் தாய் அங்கிருந்து போய்விடாது. பக்கத்துக் கூரை ஓடுகளைப் பிய்த்து, பலகையைக் கடித்து, முந்தைய ஓட்டையைவிடப் பெரிய ஓட்டை போடும். கதவு வேலை செய்யவில்லை என்று வரும் முறைப்பாடுகளில் பெரும்பகுதி இப்படி வந்தவைதான். கதவில் குறை இல்லை, பொருத்திய மாதம் பிழை.

குட்டி இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளச் சில அடையாளங்கள் உண்டு. பகலில் கூரைக்குள் குருவிக் குஞ்சு கீச்சிடுவது போல, நடுவில் சிணுங்கலும் கலந்த சத்தம் கேட்கும். தாய் பட்டப்பகலிலும் வெளியே இரை தேடி அலையும். பின்னங்காலில் எழுந்து நிற்கும்போது வயிற்றில் முலைக்காம்புகள் துருத்தித் தெரியும், அவற்றைச் சுற்றி மயிர் தேய்ந்திருக்கும். பகலில் உலாவும் ரக்கூனுக்கெல்லாம் விசர் நோய் (ரேபிஸ்) என்று பயப்படத் தேவையில்லை. பால் கொடுக்கும் தாய்க்கு இரவு மட்டும் போதாது. தள்ளாடி நடப்பது, ஆளைக் கண்டும் விலகாமல் நிற்பது, கண்ணில் சீழ் வடிவது போன்றவைதான் நோயின் குறிகள். அப்படிப்பட்டதைக் கண்டால் கிட்டப் போகாமல் மாநகரச் சேவை எண்ணான 311க்கு அழையுங்கள்.

குட்டி இருந்தால் முதல் தெரிவு காத்திருப்பது. காத்திருக்க முடியாவிட்டால் தாய்க்கு அந்த இடம் பிடிக்காமல் போகச் செய்யலாம். தாய்க்கு வழக்கமாக வேறு பொந்துகளும் தெரிந்திருக்கும். அட்டிக்கில் (கூரைக்கு அடியிலுள்ள வெற்றிடத்தில்) பகல் முழுவதும் பிரகாசமான எல்ஈடி விளக்கு, பேச்சு நிகழ்ச்சி ஓடும் வானொலி, ஆப்பிள் வினாகிரியில் நனைத்த துணி, மூன்றையும் ஒன்றாக வைத்தால் பல தாய்கள் சில நாளில் குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு வேறிடம் போய்விடும். இரவில் குட்டியைத் தூக்கிப் போக வழி திறந்தே இருக்க வேண்டும். அமோனியாவை வைக்காதீர்கள். கண் திறக்காத குட்டியின் மூச்சுக்குழாயை அது எரிக்கும். அந்துருண்டையும் வேண்டாம். அதன் புகை கூரையிலிருந்து படுக்கையறைக்கு இறங்கும். பூச்சிகொல்லியாகப் பதிவான பொருளை லேபிளில் சொல்லாத வேலைக்குப் பயன்படுத்துவது கனடாச் சட்டப்படி குற்றம் என்பதும் நினைவிருக்கட்டும்.

இதற்கும் அசையாத தாய் என்றால் அனுபவமுள்ள ஆளைக் கூப்பிடுவதுதான் சரி. அவர்கள் குட்டிகளைக் கையுறையோடு எடுத்து, சூடு காக்கும் பெட்டியில் வைத்து, பெட்டியை ஓட்டைக்கு அருகிலேயே கூரையில் நிறுத்துவார்கள். கதவு வழியே வெளியேறிய தாய் பெட்டி மூடியைத் தள்ளிக் குட்டிகளை எடுத்துப்போகும். தொலைபேசியிலேயே "குட்டியை என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் வேறு ஆளைத் தேடுங்கள். கூண்டு வைத்துப் பிடித்துத் தொலைவில் விடுகிறோம் என்பவர்களை அப்போதே மறுத்துவிடலாம். உயிரோடு பிடித்த காட்டு விலங்கைப் பிடித்த இடத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள், 24 மணி நேரத்துக்குள் விட வேண்டும் என்பது ஒன்ராறியோ விதி. நோய் பரவாமல் இருக்கவும் இது தேவை. 2015 டிசம்பரில் ஹமில்டனில் ரக்கூன் வகை விசர் நோய் பல ஆண்டுகளுக்குப் பிறகு மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டது.

குட்டி இல்லையென்று உறுதியான பிறகும் உடனே கதவு வாங்க ஓடாதீர்கள். முதலில் செய்தித்தாள் சோதனை. இரண்டு மூன்று தாளைத் தளர்வாகக் கசக்கி ஓட்டையில் செருகுங்கள். காற்றுக்கு விழாத அளவு இறுக்கம் போதும். வீட்டிலுள்ள எல்லாச் சந்தேக ஓட்டைகளுக்கும் இதையே செய்யுங்கள். மூன்று இரவு கழித்துப் பார்த்தால், தாள் வெளிப்பக்கம் தள்ளப்பட்டுக் கீழே கிடக்கும் இடம்தான் அது வெளியே வரும் வழி. உள்பக்கம் இழுபட்டிருந்தால் வெளியிலிருந்து ஏதோ நுழைந்திருக்கிறது. மூன்று இரவும் அசையாமல் இருந்தால் உள்ளே யாரும் இல்லை, நேரடியாக வலை அடிக்கலாம். ஆனால் கடுங்குளிரில் இந்தக் கணக்கு தவறிவிடும். ரக்கூன் முழு உறக்கநிலைக்குப் போகாவிட்டாலும், உறைபனி நாட்களில் நாள்கணக்காக வெளியே வராமல் சுருண்டு கிடக்கும். அப்போது வெப்பநிலை பூச்சியத்துக்கு மேல் வந்து சில இரவு தாண்டும்வரை தாளை அப்படியே விட்டுவையுங்கள்.

இனிக் கதவு. பிரதான ஓட்டையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அடைத்த பிறகுதான் இதைப் பொருத்த வேண்டும். ரக்கூனுக்கு ஏறத்தாழ 10 அங்குல வாய் உள்ள கதவு வேண்டும். அணிலுக்கு விற்கும் சின்னக் கதவில் தலை நுழையும், தோள் சிக்கும். மடல் மேலிருந்து தொங்கி, ஒரு விரலால் தொட்டாலே வெளிப்பக்கம் எழும்பி, தானாக விழுந்து மூட வேண்டும். வாங்கியதும் தரையில் வைத்து இருபது தடவை தள்ளிப் பாருங்கள். சில மலிவு மடல்கள் மூலையில் உரசி நடுவழியில் நின்றுவிடும். நவம்பரில் பொருத்தினால் கீல் உறைகிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். பனி ஒட்டிய மடல் மூடிய சுவருக்குச் சமம். கதவைச் சுற்றிக் குறைந்தது 12 அங்குலம் வலைப் பாவாடை அடிக்காவிட்டால், வெளியே மாட்டிய ரக்கூன் கதவை விட்டுவிட்டு அதன் ஓரத்து ஓடுகளைப் பிய்க்கும். மூன்று இரவு தொடர்ந்து உள்ளே சத்தமும் இல்லை, தாளும் அசையவில்லை என்றால் கதவைக் கழற்றி அந்த இடத்தை நிரந்தரமாக மூடலாம்.

வலை விஷயத்தில்தான் பெரும்பாலானோர் காசை வீணாக்குகிறார்கள். கேஜ் எண் குறையக் குறையக் கம்பி தடிக்கும். கோழிக்கூட்டு வலை பொதுவாக 20 கேஜ், ரக்கூன் அதை ஒரே இரவில் விரித்துவிடும். கடைகளில் சுருளாகக் கிடைக்கும் அரை அங்குலக் கண் வலை பெரும்பாலும் 19 கேஜ், கம்பி ஒரு மில்லிமீட்டர் தடிப்பு. தரைமட்டக் காற்றுத் துளைக்கு அது தாங்கும். கூரை விளிம்புக்கு 16 கேஜ், நாகமுலாம் பூசிப் பற்றவைத்த வலை, கம்பி 1.6 மில்லிமீட்டர். தேடி வாங்க வேண்டியிருக்கும், வெட்டக் கை நோகும். ஐந்து குளிர்காலத்துக்குப் பிறகும் முலாம் உரியாமல் நிற்பது இதுதான். வெட்டிய முனைகளில் மட்டும் துரு தொடங்குகிறது, அங்கே நாகச் சாயம் பூசினால் போதும்.

வலையைவிட அதன் ஓரம் முக்கியம். ரக்கூன் கடிப்பதைவிடக் கையால் வேலை செய்யும் விலங்கு. ஐந்து விரலையும் வலையின் விளிம்புக்கு அடியில் தடவிக்கொண்டே போகும், ஒரு விரல் நுழையும் இடம் கிடைத்ததும் நின்று முழு உடல் எடையோடு பின்னால் சாயும். ஐந்து முதல் பத்து கிலோ எடை ஒரே மூலையில் இழுத்தால் ஸ்டேப்பிள் வரிசையாகக் கழன்று வரும். ஆகவே ஸ்டேப்பிளே வேண்டாம். ஒன்றரை அங்குலத் திருகாணி, அகலமான வாஷர், நாலு அங்குலத்துக்கு ஒன்று, மூலைகளில் இரண்டு. மேல் ஓரத்தைக் கூரை ஓட்டுக்கு அடியில் செருகி, கீழ் ஓரத்தைக் கூரை விளிம்பின் முகப்பிலுள்ள ஃபாஷியாப் பலகைக்குப் பின்னால் மடித்தால் விரல் நுழைய விளிம்பே இருக்காது. திருகாணி மரத்தில் பிடிக்க வேண்டும். கூரை விளிம்பின் அடிப்பக்கத்தை மூடும் அலுமினிய சொஃபிட் தகட்டில் மட்டும் பிடித்தது நிலைக்காது. பலகை உளுத்திருந்தால் முதலில் பலகையை மாற்றுங்கள். ஊதி நிரப்பும் நுரை குளிர்காற்றைத் தடுக்கும், ரக்கூனைத் தடுக்காது.

கூரையில் அதிகம் உடைவது பிளாஸ்டிக் வென்ட், அதாவது காற்றுப்போக்கி. வெயிலில் சில ஆண்டுகளில் முறுகி நொறுங்கும் தன்மை வந்துவிடும். அதன்மேல் 16 கேஜ் வலைக் கூடு கவிழ்த்து நாலு பக்கமும் திருகுங்கள். கண் அரை அங்குலத்துக்குக் குறையக் கூடாது, குறைந்தால் தூசி அடைத்து அட்டிக்கில் ஈரம் தங்கும். துணி உலர்த்தியின் புகைபோக்கியில் வலை போடாதீர்கள், பஞ்சு அடைத்துத் தீப்பிடிக்கும். கழிவுநீர்க் குழாயின் காற்றுவாயில் வலை போட்டால் பனி படிந்து மூடிக்கொள்ளும். எரிவாயு உலையின் புகைக்குழாயை உரிமம் பெற்றவரே தொட வேண்டும், அங்கே பிழைவிட்டால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் திரும்பும்.

வீட்டுக்கு வெளியே உள்ள மரத்தளத்துக்கு (டெக்) கீழே குடியிருக்கும் ரக்கூனுக்கும் இதே முறைதான், தடுப்பு மட்டும் மண்ணுக்குள் இறங்க வேண்டும். ஒரு அடி ஆழம் தோண்டி, வலையை இறக்கி, அடியில் வெளிப்பக்கம் ஒரு அடி மடித்து மண் போடுங்கள். தோண்டுகிற விலங்கு சுவரோரத்தில்தான் தோண்டும், மடிப்பில் நகம் தட்டியதும் விட்டுவிடும். தோண்டுமுன், நிலத்தடிக் குழாயும் கம்பியும் எங்கே என்று குறிக்க ஏற்பாடு செய்யும் ஒன்ராறியோ வன் கோல் (Ontario One Call) சேவைக்குச் சொல்ல வேண்டியது சட்டம். கட்டணம் இல்லை, குறைந்தது ஐந்து வேலைநாள் முன்னதாகச் சொல்லுங்கள். மண் உறையுமுன் முடிக்க வேண்டிய வேலை.

மரக்கிளை வெட்டுவதற்கு நல்ல மதிப்பெண் தர முடியவில்லை. செங்கல் மூலையிலும் மழைநீர்க் குழாயிலும் ஏறத் தெரிந்த விலங்குக்கு கிளை வசதி மட்டுமே. 2016இல் மாநகரம் உணவுக்கழிவுக்குக் கொடுக்கத் தொடங்கிய பூட்டுள்ள பச்சைத் தொட்டி இதைவிட அதிகம் உதவுகிறது, பூட்டைத் திருப்பி முழுதாக மூடினால். ஸ்காபரோ வீடுகளில் மீன் தலையும் கணவாய்க் கழிவும் சனிக்கிழமையே சேர்ந்துவிடும். அவற்றைப் பையில் கட்டி உறைபெட்டியில் வைத்து, எடுக்கும் நாள் காலை 7 மணிக்கு முன் தொட்டியில் போடுங்கள்.

கடைசியாக எச்சம். ரக்கூன் ஒரே மூலையைக் கழிப்பிடமாக வைத்திருக்கும். அதன் வட்டப்புழு முட்டைகள் இரண்டு முதல் நாலு கிழமையில் தொற்றும் நிலைக்கு வரும், பிறகு ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். பிளீச்சுக்குச் சாகாது, கொதிநீருக்குச் சாகும். என்95 முகமூடி, கையுறை, ரப்பர் சப்பாத்து போட்டு, நீர் தெளித்துத் தூசி அடங்கிய பின் இரட்டைப் பையில் அள்ளி, இடம் தாங்கினால் கொதிநீர் ஊற்றுங்கள். பழைய வீட்டு அட்டிக்கில் வெள்ளியும் பொன்னும் கலந்த சிறு கூழாங்கல் போன்ற வெப்பக்காப்பு தெரிந்தால் அது வெர்மிகுலைட், ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம். அதைக் கிளறாமல் இறங்கிப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்யுங்கள்.

வருடம் இரண்டு தடவை பார்த்தால் போதும்: ஒக்டோபரில் ஒருமுறை, பெண் ரக்கூன் பொந்து தேடத் தொடங்குமுன் பெப்ரவரியில் ஒருமுறை. வெயில் நாளில் அட்டிக்கில் விளக்கை அணைத்து ஐந்து நிமிடம் நில்லுங்கள். வென்ட் இல்லாத இடத்தில் வெளிச்சம் தெரிந்தால் அங்கே திருகாணி தளர்ந்திருக்கிறது.