சியானும் ஹோங்சுன் கிராமமும்: பள்ளிச் சுற்றுலா அனுபவம்

சீனாவுக்குச் சுற்றுலா போன எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு துணைக்குப் போன ஆசிரியை நான். முதலில் சியான் நகரம். அங்கே சுடுமண் வீரர்கள், அதாவது பழங்காலப் பேரரசர் ஒருவரின் கல்லறைக்காகச் செய்த ஆளுயரப் போர்வீரர் சிலைகள். 1974ல் கிணறு தோண்டிய விவசாயிகள் கண்டெடுத்தவை. பிள்ளைகள் முகம் முகமாக ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அங்கே ஒன்றரை மணி நேரம் போதவே இல்லை, ஏற்பாட்டாளர்கள் அவசரப்படுத்தியதில் எனக்கு வருத்தம்தான்.

அப்புறம் அன்ஹுய் மாகாணத்து ஹோங்சுன். 2000ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த ஊர். வெள்ளைச் சுவர், கறுப்பு ஓடு, வீடுகளை ஒட்டி ஓடும் கல் வாய்க்கால். அரைவட்டக் குளத்தோரம் ஒரு பாட்டி கீரை அலசிக்கொண்டிருந்தார். எங்கள் மாணவி ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல், ஒரு கட்டு அலசிக் கொடுத்தாள். இரண்டு இரவு அங்கே தங்கவைத்தார்களே, அதற்காகவே இந்தப் பயணத்துக்குப் பிள்ளைகளை அனுப்பலாம். மழை பெய்தால் கற்பாதை வழுக்கும். பிடிப்பான ஷூ போட்டு அனுப்புங்கள்.